பிள்ளைகளின் விளையாட்டும் நடுவுநிலைமையும்

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களையும் இறைவனுடைய திருவிளையாடல் என்றே எமது முன்னோர் கூறி வைத்தனர். தொழில் என்ற சொல்லையும் விளையாட்டு என்ற சொல்லையும் ஒன்றுக்கே இட்டு வழங்கத் துணிந்த சமயம் எமது சமயம். அச்சமயத்தவராகிய நாமோ, பிள்ளை பின்னேரத்தில் படலையைத் திறந்து வெளியே கால் வைத்ததும் "படிக்கிற நேரத்திலை என்ன விளையாட்டு?" என்று கேட்கின்றோம். ஒருவரை "விளையாட்டுப் பிள்ளை" என்றால் பொறுப்பில்லாதவர் என்பதே எமது பேச்சில் பொருள். பெருமானுக்கு விளையாட்டு, பிள்ளைக்கு மட்டும் வீண்பொழுது என்று எப்படி ஆயிற்று?

பிள்ளைத்தமிழ்ப் பிரபந்தங்களைப் படித்தவர்கள் அம்புலிப் பருவத்தை அறிவர். முருகப்பெருமானையோ மீனாட்சியம்மையையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் புலவர், வானத்து நிலாவைப் பார்த்து இக்குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்க வேண்டும். நிலா இலகுவில் வராது. ஆகவே சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் புலவர் கையாள்வார். நீயும் இக்குழந்தையும் ஒப்பானவர்கள் என்று உறவு சொல்லிப் பார்ப்பார். உன்னிலும் இக்குழந்தை உயர்ந்தது என்று வேறுபாடு காட்டுவார். வந்தால் இன்னது கிடைக்கும் என்பார். வராவிட்டால் நடக்கப்போவதைச் சொல்லி வெருட்டியும் பார்ப்பார். பருவங்கள் பத்தினுள் இதுவே பாடுவதற்கு அரியது என்பது புலவர்களின் கருத்து. எமக்கு இதிலே தெரிவது, எல்லாம் உடைய பரம்பொருளும் பிள்ளையாக வந்துவிட்டால் அதற்கும் ஒரு விளையாட்டுத் துணை வேண்டியிருக்கின்றது என்பதே. தனித்து விளையாடும் தெய்வக் குழந்தையைக் காணப் புலவருக்கு மனம் வரவில்லை.

அந்நான்கு உபாயங்களையும் எமது ஒழுங்கைகளிலும் கேட்கலாம். "நீ என்ரை சிநேகிதன்தானே, வா." "அவனுக்கு ஓடத் தெரியாது, நீதான் கெட்டிக்காரன்." "புளியங்காய் தாறன்." "வராட்டில் உன்னோடை கதைக்க மாட்டன்." ஆறு வயதுப் பிள்ளைக்கு இவற்றைக் கற்பித்தவர் எவருமில்லை. விளையாட ஆள் தேவைப்பட்டது, ஆகவே வந்தன.

இங்கேதான் ஒரு பழைய கேள்வி எழுகின்றது. நற்பண்பைக் கற்பிக்க முடியுமா? எமது அறநெறிப் பாடசாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீதி நூல்களைப் பிள்ளைகள் அழகாக ஒப்புவிக்கின்றார்கள். நடுவுநிலைமை என்றால் என்ன என்று கேட்டால் பொருள் சொல்வார்கள். அதே பிள்ளை வகுப்பு முடிந்து வெளியே வந்து போளை அடிக்கும்போது அளாப்புகின்றது. போளையைப் பெருவிரலால் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு ஒன்றும் அறியாதது போல நிற்கின்றது. பொருள் தெரியாமல் அல்ல. தெரிந்திருப்பதும் அப்படி நடப்பதும் இரண்டு வேறு காரியங்கள். முதலாவதை வகுப்பறையில் கொடுக்கலாம். இரண்டாவது எங்கே விளைகின்றது என்பதே கேள்வி.

கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். நீளக் கோடு ஒன்று, அதனை வெட்டும் குறுக்குக் கோடுகள் சில. ஒரு பகுதியார் குறுக்குக் கோடுகளில் நின்று மறிப்பர். கிளியாக நிற்பவர் நடுக்கோட்டால் மேலும் கீழும் ஓடித் துரத்துவார். மற்றப் பகுதியார் கை படாமல் தட்டுத் தட்டாகக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். விதிகள் ஊருக்கு ஊர் சிறிது மாறும். மாறாதது ஒன்று, "பட்டது", "படேல்லை" என்னும் வழக்கு. சட்டை நுனியில் விரல் பட்டதா என்பதைத் தொட்டவனும் தொடப்பட்டவனும் மாத்திரமே அறிவர். சில வேளை தொடப்பட்டவன் மட்டுமே அறிவான். மத்தியஸ்தர் இல்லை, சாட்சியும் இல்லை. பிள்ளை "அம்மாவாணைப் படேல்லை" என்று உடனே சொல்லிவிடும். ஆனால் ஆலய வீதியில் நின்று "பிள்ளையாராணை" என்று சொல்லச் சொன்னால் நா ஒரு கணம் தயங்குவதைக் கண்டிருக்கின்றோம். (அந்த ஒரு கணத்துக்காகவாவது பிள்ளைகள் கோயிலுக்குப் பக்கத்தில் விளையாடுவது நல்லது.)

பிறகு என்ன நடக்கின்றது? ஐந்து நிமிடம் சத்தம். ஒருவன் வெளியேறப் பார்ப்பான். இன்னொருவன் அவனை இழுத்துப் பிடிப்பான். ஈற்றில் யாரோ ஒரு பிள்ளை "சரி, திரும்ப விளையாடுவம்" என்று சொல்லும். எல்லோரும் தத்தம் கோட்டுக்குத் திரும்பிவிடுவர். உண்மை எது என்று தீர்மானிக்கப்படவில்லை, யாரும் தண்டிக்கப்படவில்லை, ஆனால் விளையாட்டு நிற்கவில்லை. காணி எல்லை வழக்கொன்றை மூன்று தலைமுறையாகக் கொண்டிழுக்கும் பெரியவர்கள் எமது ஊர்களில் உண்டு. பிள்ளைகள் இதே வகையான வழக்கை ஐந்து நிமிடத்தில் முடிக்கின்றார்கள், ஏனென்றால் இருட்டிவிடும்.

அளாப்பிக்கு என்ன நடக்கின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. அவனை ஒருவரும் ஊரை விட்டுத் தள்ளுவதில்லை. அடுத்த நாள் ஆள் பிரிக்கும்போது அவனை எடுக்க இரு பகுதியும் பின்வாங்கும், அவ்வளவே. வென்றபடியே இருப்பவனுக்கும் ஒரு பாடம் உண்டு. எதிரே நிற்க ஆள் இல்லையென்றால் விளையாட்டே இல்லை. ஆகவே தோற்றவன் நாளைக்கும் வர வேண்டும் என்ற எண்ணம் வென்றவனுக்கு வந்தே தீர வேண்டும். எதிராளி என்பவன் இல்லாதொழிய வேண்டியவன் அல்லன், இருக்க வேண்டியவன் என்ற அறிவை இதைவிட எளிதாக எங்கே பெறலாம் என்று எமக்குத் தெரியவில்லை.

இந்தப் போளை விளையாட்டையே சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே ஆராய்ந்து, பிள்ளைகளின் ஒழுக்கத் தீர்ப்பைப் பற்றி 1932 இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகளோடு இருந்து, எனக்கும் இந்த விளையாட்டைச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டார். இந்த விதிகளை யார் செய்தார்கள், இவற்றை மாற்றலாமா என்றும் கேட்டார். சிறு பிள்ளைகள், விதிகள் தகப்பனிடமிருந்தோ கடவுளிடமிருந்தோ வந்தவை, ஒருபோதும் மாற்றக்கூடாதவை என்றனர். ஆனால் விளையாடும்போது அவர்களே அவற்றைத் தம் போக்கில் மீறினர். பத்து, பன்னிரண்டு வயதளவில் உள்ளவர்களோ, எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றனர். அவர்கள்தாம் விதியைக் கவனமாகக் கைக்கொண்டனர். மேலிருந்து வந்தது என்று நினைத்த விதியைப் போற்றிக்கொண்டே மீறினார்கள். தாமே உடன்பட்ட விதியைக் காத்தார்கள்.

பக்தர்களாகிய நாம் இதனைப் படித்து மனங்கோண வேண்டியதில்லை. பயத்தால் கைக்கொள்வது தொடக்கம், அன்பால் தனதாக்கிக்கொள்வது முதிர்ச்சி என்பது எமது சமயத்துக்குப் புதிய செய்தியன்று. தாசமார்க்கத்தில் அப்பர் பெருமானை வைத்த சைவம், சகமார்க்கத்தில் இறைவனையே தோழனாகக் கொண்ட சுந்தரரை வைத்தது. அந்தச் சுந்தரர் திருநாவலூரிலே தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையாகவே பெரியபுராணத்தில் எமக்குத் தோன்றுகின்றார். வழியால் வந்த நரசிங்கமுனையரையர் அந்த விளையாட்டைக் கண்டுதான் பிள்ளையைத் தமக்குத் தருமாறு கேட்டார்.

எமது ஊர்களில் அந்தச் சிறுதேர் குரும்பட்டித் தேர். குரும்பட்டியும் ஈர்க்கும் கொண்டு கட்டுவது. தேர் என்றால் திருவிழா வேண்டும். திருவிழா என்றால் கோயில் வேண்டும். மண்ணைக் குவித்துக் கோயில் கட்டி, பழைய தகரத்தைத் தவிலாக்கி, பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதி, கண்ணில் பட்டவர் எல்லோருக்கும் விபூதி கொடுத்து முடிப்பார்கள். யார் ஐயர், யார் மேளம், யார் தேர் வடம் பிடிப்பது என்று முதலில் ஒரு சண்டை வரும். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: இன்றைக்கு நீ, நாளைக்கு நான். மெய்யான கோயிலில் யாருக்கு எந்தத் தொண்டு என்பதைப் பிறப்பும் மரபும் வகுத்திருக்கின்றன. விளையாட்டுக் கோயிலில் அதனை முறை வகுக்கின்றது. ஆலயக் கதவுகள் எல்லோருக்கும் திறக்கப்படுவதற்கு 1960களின் இறுதியிலும் போராட வேண்டியிருந்த மண் இது. அந்நாளிலும் வளவுக்குள் மண்கோயில் கட்டிய பிள்ளைகளுக்குக் கதவு வைக்கத் தோன்றியதில்லை, பின்னால் வந்து "யாற்றை பிள்ளை அது?" என்று விசாரித்தவர்கள் பெரியவர்களே.

ருசிய உளவியலாளர் வைகொட்ஸ்கி 1933 இல் ஆற்றிய விரிவுரையொன்றில், உடன்பிறந்த இரு சிறுமிகள் "அக்கா தங்கை" விளையாட்டு விளையாடுவதை எடுத்துக்காட்டாகச் சொன்னார். மெய்யாகவே அக்காவும் தங்கையுமாக இருப்பவர்கள் அந்த விளையாட்டின்போதுதான் அக்கா எப்படி நடப்பாள், தங்கை எப்படி நடப்பாள் என்று எண்ணி எண்ணி நடக்கின்றார்கள். வீட்டில் அவர்கள் இயல்பாகச் செய்வது விளையாட்டில் விதியாகின்றது. மண்கோயிலின் ஐயர் இப்படித்தான். தன் முறை வரும்வரை நீட்டிய கைகளுடன் மற்றப் பிள்ளைகள் நிற்க, ஒருவரையும் விடாமல் விபூதி கொடுக்கின்றான். வீட்டில் தம்பிக்கு அரை விசுக்கோத்து கொடுக்க மறுத்தவன் அவனேதான்.

இவ்வளவு சொல்லியதால், பிள்ளைகளை அவர்கள் பாட்டில் விட்டுவிட்டால் எல்லாம் நன்மையாகவே முடியும் என்று எண்ணிவிடலாகாது. பிள்ளைகள் தேவர்கள் அல்லர். விளையாட்டில் ஆகப் பெரிய கொடுமை அளாப்புவதன்று. "நீ சேர வேண்டாம்" என்பதே. அடித்த காயம் ஆறிவிடும். வேலியோரம் நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நாளை எழுபது வயதிலும் மறக்காதவர்கள் உண்டு.

இதற்கு எமது பழைய விளையாட்டுகளிலே ஓரளவு பரிகாரம் இருந்தது. ஆள் பிரிக்கும்போது, ஒத்த வலுவுள்ள இருவர் சோடியாக அப்பால் போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவர். தலைவர்கள் பெயரை மட்டும் கேட்டுத் தெரிவு செய்வர். எந்தப் பெயர் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. இரு பகுதியும் ஏறத்தாழச் சமமாகும். அதைவிட முக்கியமானது, கடைசியாக எடுபடுபவன் என்ற அவமானம் ஒருவருக்கும் இல்லாமற் போகும். மிகச் சிறிய பிள்ளை வந்தால் "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வர். அது ஓடலாம், சத்தம் போடலாம், பிடிபட்டால் கணக்கில்லை. மூன்று வயதுக்கு இது பெரிய கௌரவம். ஆனால் பத்து வயதில், ஒரு காலை இழந்த பிள்ளைக்கு இதே இடத்தைக் கொடுத்தால் அது கருணையன்று. கணக்கில் வராத ஆளாக இரு என்று சொல்வதே. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சலுகையில்லாத ஓர் இடம். கொக்கான் வெட்டுவதில், நாயும் புலியும் ஆடுவதில், கிளித்தட்டில் பக்கம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் அது கிடைக்கும். போர் 2009 இல் முடிந்த பின்னும் இப்படியான பிள்ளைகளும், அவர்களைப் பெற்ற அத்தகைய தாய் தந்தையரும் எமது ஊர்களில் இருக்கின்றார்கள். ஆகவே இது ஏட்டுக்கேள்வியன்று.

அமெரிக்காவிலே சிகாகோ நகரில் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி அம்மையார் இந்தச் சிக்கலைப் பல காலம் எண்ணிப் பார்த்தார். ஈற்றில் தம் வகுப்பில் ஒரேயொரு விதியை வைத்தார். விளையாட வரும் ஒருவரை, நீ விளையாட முடியாது என்று எவரும் சொல்லக்கூடாது. அதனை வைக்கு முன் மேல் வகுப்புப் பிள்ளைகளிடமும் அபிப்பிராயம் கேட்டார். அது நியாயந்தான், ஆனால் நடவாது என்பதே அவர்களுடைய பொதுவான பதிலாக இருந்தது. பாலர் வகுப்புச் சிறுவர்களோ முணுமுணுத்தாலும் அதனை ஏற்று நடந்தார்கள். இதனை 1992 இல் வெளியான நூலில் அவர் எழுதியிருக்கின்றார். எமக்கு இதில் ஒரு வழி தெரிகின்றது. விளையாட்டுக்குள் யார் வரலாம் என்பது பெரியவர்களின் பொறுப்பு. வந்தவர்கள் எப்படி விளையாடுவது என்பது பிள்ளைகளின் பொறுப்பு. வாசல் எமது, கோடு அவர்களது.

நாம் செய்வதோ பெரும்பாலும் இதற்கு எதிர்மாறு. யாரோடு சேரலாம், யாரோடு சேரக்கூடாது என்பதை வீட்டிலே மெல்லிய குரலில் சொல்லிக்கொடுத்து வாசலைப் பிள்ளையின் கையில் விட்டுவிடுகின்றோம். பிறகு மைதானத்தில் நின்று எப்படி ஓட வேண்டும் என்று உரத்த குரலில் கத்துகின்றோம். முன்பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் பார்த்தவர்கள் இதனை அறிவர். நான்கு வயதுப் பிள்ளை பாதி வழியில் நின்று பின்னால் விழுந்த பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். பக்கத்தில் தாய் "ஓடு ஓடு, பாராதை" என்று ஓடுவார். அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்ததற்கு வெற்றிக் கிண்ணம் எதுவும் கிடையாது.

ஊதுகுழல் ஒருவர் கையில் வந்ததும் இன்னொரு மாற்றமும் நிகழ்கின்றது. "பட்டதா?" என்று தன்னையே கேட்ட பிள்ளை, "அவர் கண்டவரா?" என்று கேட்கத் தொடங்குகின்றது. உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் மத்தியஸ்தர் இன்றி நடவா. அவற்றுக்கு உரிய வயதும் இடமும் உண்டு, அவை தரும் கட்டுப்பாடும் நல்லதே. ஆனால் அவை வருமுன், ஒருவரும் பார்க்காத இடத்தில் தன் கை பட்டதைத் தானே ஒத்துக்கொள்ளும் பழக்கம் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டும்.

பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாம்பழத் திருவிழாவை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். தாய் தந்தையரே உலகம் என்ற தத்துவம் அதன் உட்பொருள். அதனை விளக்கப் பெரியோர் பலர் உளர். கதையை மட்டும் எடுத்துக்கொண்டால், பிளக்கக் கூடாத ஒரு கனியை இரண்டு பிள்ளைகளுக்கு முன் வைத்தவுடன் வீட்டில் நடந்தது என்ன? ஒரு பிள்ளை மலையேறிப் போயிற்று. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பேறுகள் வந்த மறுநாள் சந்தியில் கட்டப்படும் பதாகையில் படம் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் அப்படி மனத்தளவில் மலையேறுகின்றார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களைச் சமாதானம் செய்து அழைத்துவர அன்று ஓர் உமையம்மை இருந்தார்.

அந்தப் பரீட்சைதான் இன்று பிள்ளையின் பின்னேரத்தை எடுத்துக்கொள்கின்றது. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, அது முடிந்ததும் வீட்டில் பயிற்சித் தாள், இடையில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் கைத்தொலைபேசி. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்புக்கென்று கைக்கு வந்த தொலைபேசி, பாடசாலைகள் திறந்த பின்னும் கையை விட்டுப் போகவில்லை. அதில் விளையாட்டு இல்லையா என்று பிள்ளை கேட்கும். உண்டு. ஆனால் அதில் அளாப்ப முடியாது, தோற்றால் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கோபம் வந்தால் அணைத்துவிடலாம். கிளித்தட்டில் கோபம் வந்தால் அதே பிள்ளையோடு ஒரே ஒழுங்கையால் வீட்டுக்கு நடந்து போக வேண்டும். 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கின்றது. இலங்கை 1991 இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. உரிமை தாளில் இருக்கின்றது, நேரந்தான் இல்லை.

விளையாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எமது நாட்டிலேயே சான்று உண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்குத் தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை அழைத்து வந்தனர். களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். ஒற்றுமையைப் பற்றிய பிரசங்கம் அங்கே முதலிடம் பெறவில்லை. ஒரே களிமண் குவியலைச் சுற்றி இருக்க இடம் கொடுத்தார்கள்.

இனி எமது ஆலயத்துக்கு வருவோம். பின்னேரத்தில் வெளிவீதியில் பிள்ளைகள் விளையாடலாமா என்ற கேள்வி எல்லா ஊரிலும் பரிபாலன சபைக் கூட்டங்களில் எழுவதொன்றே. வீதியின் புனிதம் கெடும் என்பவர்கள் உளர். அவர்களுடைய கவலையை இலேசாகத் தள்ளிவிடக்கூடாது. உள்வீதி வேறு, வெளிவீதி வேறு. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை விளையாட்டு வேண்டாம். பந்து கொண்டு உதைப்பதும் துடுப்பாட்டமும் வேண்டாம், ஓட்டுக்கும் விளக்குக்கும் சேதம் வரும். இவையெல்லாம் நியாயம். மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகியம்மன் வழிபாட்டோடு ஊரே இரு பகுதியாகி நின்று கொம்பு விளையாட்டு ஆடியதையும் மறந்துவிடக்கூடாது. அங்கே விளையாட்டே வழிபாடாயிருந்தது. பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள் என்பது இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகின்றது. பிடிக்கத்தான் செய்வார்கள். சண்டை பிடித்துத் தாமே தீர்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதே இங்கு கேட்பது. பத்து வயது தாண்டியதும் பெண் பிள்ளைகளை வீட்டோடு மறித்துவிடும் வழக்கமும் உண்டு. வீதி திறந்தால் அது அவர்களுக்கும் திறக்க வேண்டும், பெரியவர்கள் அங்கே இருப்பதன் முதற்பயன் அதுவே.

பெரியவர்கள் இருவர் போதும். மாலைப் பூசைக்கு நேரத்தோடு வந்து மடத்துத் திண்ணையில் இருப்பவர்கள் எப்படியும் உண்டு. ஊதுகுழல் வேண்டாம், பரிசும் வேண்டாம். ஒரு குடம் தண்ணீரும் காயத்துக்குப் போடக் கொஞ்சம் மருந்தும் அருகில் இருக்கட்டும். வேலியோரம் தனியே நிற்கும் பிள்ளையைக் கண்டால் எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உள்ளே விட வேண்டும். அது அவர்கள் வேலை. உள்ளே போன பின் "பட்டது", "படேல்லை" என்ற சத்தம் எவ்வளவு உயர்ந்தாலும் அவர்கள் திண்ணையிலேயே இருக்க வேண்டும். அது அதைவிடக் கடினமான வேலை. நான்கரை தொடக்கம் பூசை மணி அடிக்கும்வரை ஒன்றரை மணி நேரம். மணி அடித்ததும் கால் கழுவிவிட்டு உள்ளே வரலாம். கோடு கீறுவதற்கு மடைப்பள்ளிச் சாம்பல் இருக்கின்றது. எங்கே கீறுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.